கோழி எலும்பும் லவெர்னின் சுத்தியலும்

லவெர்ன் டக்கெட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் மேற்கில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல். அது பிழைப்பு, உயிர் முழுக்க வேறிடத்தில். சனிக்கிழமை தவறாமல் அருங்காட்சியகத்துக்குப் போய், டைனோசர் காலத்துப் புதைபடிவ எலும்புகளைத் தோண்டும் சான்றிதழுக்குப் படித்தாள். எழுத்துப் பரீட்சை எல்லாம் பாஸ். களத்தேர்வு மட்டும்தான் பாக்கி. அதிலும் தேறிவிட்டால், அவள் எடுக்கும் எலும்புக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதி வைப்பார்கள். தேறாதவர் பெயரை எழுதுவதில்லை. அந்தப் பெயருக்காகத்தான் இத்தனை பாடும்.

களத்தேர்வு நடக்கும் தோண்டும் முகாமில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக வருகிறவரின் குழியில், பழசுபோலத் தெரியக் காப்பியில் ஊறவைத்த கோழிக்கால் எலும்பை யாராவது புதைத்து வைப்பார்கள். முதல் நாளே லவெர்ன் மாட்டினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். கல் ஒட்டாது, எலும்பு ஒட்டும். ஒட்டியது. "கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு!" என்று அழுதேவிட்டாள், பாவி மனுஷி.

"அட, கோழிசாரஸ்!" என்றான் கர்ட்டிஸ். பழைய கார் விற்பவன், போன வருஷமே சான்றிதழ் வாங்கியவன், எலும்பைப் புதைத்தவனும் அவனே. "ராத்திரிக்குப் பொரிச்சிடலாமா லவெர்ன்? உனக்குக் கைவந்த வேலையாச்சே!"

அந்த வாரம் முழுக்க அவள் போகிற இடமெல்லாம் 'கொக் கொக்' சத்தம். அவளும் கூடவே சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வாள்? கூடாரத்துக்குள் போய்த் தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி நாள் தேர்வு. ஆசிரியர் மெரில் மேட்டில் நின்றார். லவெர்னின் தூரிகைக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு தாடை தெரிந்தது. வரிசையாகப் பற்கள், ஒன்றுகூட விழவில்லை. அந்த மண்ணில் எதுவும் இவ்வளவு ஒழுங்காகக் கிடைக்காது. அவள் இன்னும் குனிந்தாள். பின்னாலிருந்து கர்ட்டிஸ் சும்மா ஒரு 'கொக்' விட்டான்.

"மறுபடியுமாடா? இந்தா, உன் கோழி!" என்று சுத்தியலை ஓங்கிப் போட்டாள்.

தாடை சில்லுகளாகத் தெறித்தது. யாரும் சிரிக்கவில்லை. மெரில் மண்டியிட்டு ஒரு சில்லைத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயையோ, இது நாங்க வச்சதில்ல லவெர்ன்," என்றான் கர்ட்டிஸ்.

"கிடைச்சதை உடைச்சா ஃபெயில். விதி உங்களுக்கே தெரியும்," என்றார் மெரில்.

"அந்தச் சத்தம்... அவன்தானே..."

"சுத்தியல் உங்க கையிலதானே இருந்துச்சு."

சில்லுகளைப் பொறுக்கக்கூடச் சான்றிதழ் வேண்டுமாம். கர்ட்டிஸ்தான் பொறுக்கினான். தூ, இதுவும் ஒரு நியாயமா!

இன்று அந்தத் தாடை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. நடுவில் பசைபோட்டு ஒட்டிய வெடிப்புகள். பக்கத்து அட்டையில் கர்ட்டிஸ் பெயர். பள்ளிப் பிள்ளைகளோடு சுற்றுலா வந்த லவெர்ன் அதன் முன்னால் நின்றாள்.

"இதை யாரு ஆன்ட்டி உடைச்சா?" என்று கேட்டது ஒரு பிள்ளை.

"நான்தான்," என்றாள். பிள்ளைகள் நம்பவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.