வால்வு பெட்டியும் இடது கையும்

ராயபுரத்துக் கல்யாண மண்டபத்தில் அன்று மத்தியானம் இருந்தவர்கள்: எங்கள் பாட்டு ட்ரூப் ஓனர். அவனே பாடுவான், சுமாராகப் பாடுவான். கீபோர்டுகாரன். ரிதம் பேடு தட்டுகிறவன். கூடப் பாடுகிற அக்கா ஒருத்தர். கீழே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் போர்டு முன்னால் சவுண்டு செட்காரர். அப்புறம் நான், பேஸ் கிடார். எதிரே பிரியாணி சாப்பிட்டவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் கவனம் எலும்பில் இருந்தது.

ஒரு வாரம் முன்னால் ஓனர் சொல்லியிருந்தான்: "கீபோர்டுகாரன் இடது கையிலயே பேஸ் வாசிச்சிடறான் மாமு. உனக்குன்னு தனியா ஒரு எடம் இன்னாத்துக்கு? இந்தக் கல்யாணத்துல பாத்துட்டு சொல்றேன்."

பத்தொன்பது வருசமாக அவன் பக்கத்தில் நிற்கிறேன். இப்போதுதான் பார்க்கப் போகிறானாம்.

எனக்கு வேலை ஹார்பரில், கப்பல் மேல் கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுவது. அதில் மிச்சம் பிடித்து ஒரு வால்வு ப்ரீஆம்ப் வாங்கியிருந்தேன். கிடாருக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கிற பெட்டி. உள்ளே பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி கண்ணாடி வால்வு. டிஸ்டார்ஷன் திருகைக் கொஞ்சம் திருப்பினால் சத்தம் கரகரக்கும். வேணும் என்றே வைப்பது அது. மண்டபத்தில் பேஸ் வெறும் கும்மென்று போகும், எந்த ஸ்வரம் என்று தெரியாது. கரகரப்பு சேர்ந்தால் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும். வீட்டில் மூணு மாசம் திருகித் திருகி அளவைக் கண்டுபிடித்தேன்.

சவுண்டு செட்காரரிடம் பெட்டியைக் காட்டினேன். "ஆங், ஆங்" என்று வயரைச் செருகினார். சரிபார்க்க நேரமில்லை. இலை போட்டதும் ஓனர் ஆரம்பித்துவிட்டான்.

முதல் பாட்டு மெதுவானது. விரலை மெல்ல வைத்தேன். கரகரக்கவில்லை. இரண்டாவது குத்துப்பாட்டு. அழுத்தினேன். பெட்டி உறுமியது. நல்லா இருந்தது.

சவுண்டு செட்காரர் பாய்ந்து எழுந்தார். பேஸ் பாக்ஸில் காதை வைத்தார். மிக்சருக்கு ஓடி என் லைன் சத்தத்தை அடியோடு இறக்கினார். துணி கிழிக்கிற மாதிரி இரண்டு கையாலும் காட்டினார். ஸ்பீக்கருக்குள் இருக்கிற காகிதக் கோன் கிழிந்துவிட்டதாம். அது கிழிந்தாலும் இதே கரகரப்புதான் வரும்.

"கோன் இல்லண்ணே, என் பெட்டி!" என்று கத்தினேன். சரி சரி என்று கையாட்டினார். ஏற்றவில்லை. முப்பது வருசம் சவுண்டு செட் வைத்திருக்கிற ஆள்.

கீபோர்டுகாரன் என்னைப் பார்த்தான். இடது கையைப் பேஸ் கட்டைகளில் வைத்தான்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஓனர் அதையே சாக்காகப் பிடிப்பான். சத்தம் வராத கம்பியைக் கடைசிப் பாட்டு வரை வாசித்தேன். ஒருத்தரும் திரும்பவில்லை.

முடிந்ததும் ஓனர் வந்தான். "இன்னிக்கு பேஸ் சோக்கா இருந்துச்சு மாமு. சுத்தமா கேட்டுச்சு. நீ இருந்துக்கோ நைனா. அடுத்தது திருவொற்றியூர்ல ஒரு ரிசப்ஷன் கீது."

கீபோர்டுகாரன் குனிந்து வயர் சுற்றினான். சிரிப்பில் முதுகு குலுங்கியது.

"அது நான் இல்ல," என்றேன். "என் லைனை எறக்கிட்டாரு. நீ கேட்டது இவன் இடது கை."

ஓனர் சவுண்டு செட்காரரைப் பார்த்தான். அவர் டார்ச் அடித்து கோனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கிழியலபா. நல்லாதான் கீது," என்றார். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை.

"அப்ப இன்னா பண்லாம்ன்ற?" என்றான் ஓனர்.

"இடது கையக் கூட்டிக்கினு போ. காதுதான் உனக்கு இல்லியே."

சூட்டோடு வால்வைத் தூக்கக் கூடாது. ஆறும்வரை நின்றேன். பெட்டியைப் பையில் வைத்தேன்.

அன்று மொத்தம் பதினாறு பாட்டு. வாசித்தது பதினாறு. வெளியே கேட்டது ஒண்ணேகால்.