செம்பு பாட்டிலில் எலுமிச்சை ஜூஸ்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகன் பிரபுவுக்குப் பெண் பார்க்க ஆண்டிமடம் போனோம். போன இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா வாந்தி எடுத்தார்!

அதாவது... என் வீட்டுக்காரர்.

ரிட்டயர் ஆனபோது ஆபீஸ் நண்பர்கள் அவருக்கு ஒரு செம்பு பாட்டில் பரிசளித்தார்கள். அன்றிலிருந்து, "செம்பு கிருமியைக் கொல்லும் தெரியுமா?" என்று பால்காரர் வரைக்கும் பாடம். கொல்லும்தான், சரி. அதற்காகத் தூங்கும்போதும் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமா?

அன்று காலை கிளம்பும்போது, "வெயில் மண்டையைப் பிளக்குது. எலுமிச்சம்பழம் புழிஞ்சு உப்பு போட்டு இதுல ஊத்து" என்று அதையே நீட்டினார். ஊற்றினேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகக் காரில் போகும்போது சும்மா இருந்தவர், ஆண்டிமடம் நெருங்கும்போது மொத்தத்தையும் குடித்து முடித்தார்.

பெண் வீட்டில் உட்கார்ந்து, கேசரியைக் கையில் வாங்கியதுதான் தாமதம் — முகம் வெளிறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார். பிரபு பின்னாலேயே ஓடினான்.

"நம்ம வூட்டுக்கு வந்து மனுசனுக்கு இப்படி ஆயிடுச்சே!" என்று பெண்ணின் அப்பா பதறினார். யாரோ ஒரு பெரியம்மா, "சகுனம் சரியில்லையோ?" என்று முணுமுணுத்தது என் காதில் நன்றாகவே விழுந்தது. சம்பந்தம் போகட்டும், மனுஷன் பிழைப்பாரா?

அப்போது உள்ளறையிலிருந்து பெண்ணே வெளியே வந்துவிட்டாள். பாதி வைத்த பூ தோளில் தொங்குகிறது. பெயர் கலைவாணி. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர்.

"சார், வர்ற வழியில என்ன குடிச்சீங்க?"

அவர் பாட்டிலைக் கை காட்டினார். அவள் மோந்து பார்த்தாள். செல்போன் லைட்டை அடித்து உள்ளே பார்த்தாள்.

"எலுமிச்சம்பழமா? உள்ள எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க. புளிப்பு பட்டா செம்பு கரைஞ்சு ஜூஸ்ல இறங்கிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறது எதுக்காம்? அப்பா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவோம், வாங்க."

வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறவள் நான். அழுக்கு போகிறது என்று தெரியும். கூடவே கொஞ்சம் விளக்கும் போகிறது என்று எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

பக்கத்துத் தெரு டாக்டரும் அதையேதான் சொன்னார். ஊசி போட்டு, கொஞ்ச நேரம் படுக்க வைத்தார். என் வீட்டுக்காரர் எழுந்து, "பசிக்குது" என்றதும்தான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

தட்டில் காபி, வெட்கம், நமஸ்காரம் — எதுவுமே நடக்கவில்லை. இதற்கு மேல் எங்கே சம்பந்தம் என்று ஊர் திரும்பினோம். மறுநாள் போன் வந்தது. சம்மதமாம்!

நேற்று கலைவாணியிடமே கேட்டேன். "எங்க பிரபுகிட்ட என்னம்மா புடிச்சுது?"

"உள்ளறை ஜன்னல்ல எல்லாம் தெரிஞ்சுது. மாமா வாந்தி எடுத்தப்ப மத்த ஆம்பளைங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாங்க அத்தை. அவர் மட்டும் முதுகைத் தடவிவிட்டுக்கிட்டே நின்னாரு. புதுச் சட்டையெல்லாம் நாசம்... கண்டுக்கவே இல்ல."

பெண் பார்க்கப் போனது நாங்கள். பார்த்தது என்னவோ அவள்தான்!