வேலுவுக்கு மட்டும் திறந்த கதவு

ஐப்பசி மாதத்தில் ஐந்து நாட்கள், கல்கத்தாவில், அன்பு நிறைந்த ஒரு வீட்டின் முன்னறையில் நான் பட்டினி கிடந்தேன். அந்த வீட்டில் உணவுக்குக் குறைவில்லை. என்னுடன் வந்தவர் அங்கே இரு வேளையும் வயிறார உண்டார். எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. பசி என் உடம்பை வாட்டியது. பொறாமை அதைவிடக் கொடுமையாக என்னை உருக்குலைத்தது. ஐம்பத்தெட்டு வயதில், நாவில் பல நூறு பதிகங்களைச் சுமந்து திரிந்தவன், ஒரு புகையிலைக் கடைக்காரரைப் பார்த்து வயிறெரிந்து கிடந்தேன். அந்தச் சிறுமையிலிருந்து ஈசன் என்னை எப்படித் தூக்கினான் என்பதை, அடியார்களாகிய உங்கள்முன் ஒளிவின்றி எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலியில் பிள்ளைகளுக்குப் பதிகம் பாடம் சொல்லி வந்தவன். என்னுடன் வந்தவர் குழந்தைவேலு. எங்கள் தெருக்கோடியில் புகையிலைக் கடை வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். இருவரும் மனைவியை இழந்தவர்கள். காசிக்கு நடந்தே போய்வருவது என்று நெல்லையப்பர் சந்நிதியில் சங்கல்பம் செய்துகொண்டோம். கையில் காசு வைத்துக்கொள்வதில்லை; வாய் திறந்து எதையும் யாசிப்பதில்லை; முன்பின் அறியாதவர்கள் தாமாக அழைத்துக் கொடுத்தால் உண்பது, இல்லாவிட்டால் ஈசன் விட்ட வழி. அவரவர்க்குக் கொடுத்ததை அவரவரே உண்ண வேண்டும் என்ற விதியை நான்தான் சேர்த்தேன். பாட்டுப் பாடும் எனக்கு எங்கும் மரியாதை கிடைக்கும்; வேலு என் இலையை நம்பி வந்துவிடக் கூடாதே என்று அப்போது நினைத்தேன்.

சித்திரையில் புறப்பட்டோம். ஆளுக்கொரு மூட்டை, ஒரு செம்பு, ஒரு மாற்று வேட்டி. தெலுங்கு நாட்டையும் ஒரிய நாட்டையும் மழையிலும் வெயிலிலும் கடந்தோம். எத்தனையோ வீடுகளில் எங்களை உட்கார வைத்து அமுது படைத்தார்கள். ஆனால் வழி நெடுகிலும் ஒன்று என் கண்ணில் உறுத்தியது. நான் பாடினால் கைகுவித்துக் கேட்பார்கள். கேட்டு முடித்தபின் வேலுவிடம் போய்ப் பேசுவார்கள். அவருக்கு எந்தப் பாஷையும் தெரியாது. கையை ஆட்டுவார், கண்ணை உருட்டுவார், தாமே சிரிப்பார். அதற்குள் அந்த வீட்டுக் குழந்தை அவர் மடியில் இருக்கும். பெருமானே, உன் புகழைப் பாடும் என்னை விட்டு இந்தச் சிரிப்புக்காரரிடம் ஏன் போகிறார்கள் என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்வேன். வெளியே காட்டவில்லை.

ஜகந்நாதர் கோயில் கொண்ட ஜகந்நாதத்தைத் தாண்டியபோது என் வலக் குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறிச் சீழ் கட்டியது. காளிகாட்டு அன்னையைத் தரிசித்த பிறகே காசிச் சாலையில் ஏறுவது என்று முன்னமே தீர்மானித்திருந்ததால், கல்கத்தாவுக்கு வந்தோம். ஒரு படகுக்காரர் கூலி வாங்காமல் எங்களைக் கிடர்பூர்த் துறையில் இறக்கிவிட்டார். டிராம் வண்டி குதிரையில்லாமல் ஓடத் தொடங்கியிருந்த சமயம் அது. வேலு அதைப் பார்த்துச் சிறுபிள்ளைபோல் துள்ளினார். நான் காலை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

காளிகாட்டுச் சந்நிதியில் என் காலைக் கண்டு இரங்கிய ஒருவர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் அலிப்பூர் நீதிமன்றத்தில் குமாஸ்தா. அவரும், கணவனை இழந்த அவருடைய தமக்கையும் அங்கே இருந்தார்கள். தமக்கையை அத்தெருவே தீதி என்று அழைத்தது; வங்காளத்தில் அக்காளுக்கு அதுதான் பெயர். புண் ஆறும்வரை முன்னறையில் தங்கும்படி சைகையால் சொன்னார்கள்.

குமாஸ்தா சோற்றுப் பானையைக் காட்டி வேண்டுமா என்று கேட்டார். வேற்றார் அடுக்களையில் வடித்த சோற்றை நான் உண்பதில்லை. நெய்யில் பொரித்ததும் பாலும் பழமும் ஆகும். இதையும் சைகையால் தெரிவித்தேன். அவர் புரிந்துகொண்டு கைகூப்பினார். வேலுவும் என் வழியே தலையசைத்தார்.

அன்று மாலை தீதி வாசற்படியில் வந்து நின்று, "ஜொல்காபார் தேபோ?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன். வங்காளத்தில் பாதி வடமொழி. அகரம் அவர்கள் வாயில் ஒகரமாகும். ஜொல் என்றால் ஜலம். தண்ணீர் தரட்டுமா என்கிறாள். பிறர் கைத் தண்ணீரை நான் பருகுவதில்லை. என் செம்பில் கங்கை நீர் இருந்தது. அதை உயர்த்திக் காட்டி, புன்னகையோடு தலையை ஆட்டி மறுத்தேன். வேலுவோ எதற்கென்று யோசியாமல் பெரிதாகத் தலையசைத்தார். அவரை உள்ளே கூட்டிப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அரைமணி கழித்து வாயைத் துடைத்தபடி வந்தார். நெய் மணத்தது.

"தண்ணி குடிக்க இம்புட்டு நேரமா வே?"

"தண்ணியா? வெள்ள வெளேர்னு பூரியும் உருளைக்கிழங்கும் வச்சாவ அண்ணாச்சி. நீங்கதான் வேண்டாம்னுட்டியளே. விரதமா?"

எனக்குத் தண்ணீர், இவருக்குப் பூரியா? இதை இவரிடம் ஒப்புக்கொள்வதா? "ஆமா, விரதம்" என்றேன். அந்த ஒரு பொய் என் பட்டினிக்குத் தாழ்ப்பாள் போட்டது.

அதன்பின் காலையும் மாலையும் அதே கேள்வி. நான் அதே செம்பைத் தூக்கிக் காட்டினேன். ஜகந்நாதத்தில் யாரோ கொடுத்த அவல் கொஞ்சம் என் மூட்டையில் இருந்தது. அதை ஒவ்வொரு பிடியாக நனைத்துத் தின்றேன். இரண்டாம் நாள் வேலு ஓர் இலைத் தொன்னையில் பங்கு கொண்டுவந்தார்.

"சந்தேஷ்னு ஒண்ணு அண்ணாச்சி. வாயில வச்சா காணாமப் போயிருது. ஒண்ணே ஒண்ணு."

"அவரவர்க்குக் குடுத்தது அவரவர்க்கு. சங்கல்பம் மறந்துட்டா?"

"மறக்கல. ஈசன் இதுக்கா கோவிச்சுக்கிடப் போறாரு?"

"உமக்கு நாக்கு முக்கியம். எனக்கு நோன்பு முக்கியம். எடுத்துட்டுப் போம்."

அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்த்து எனக்கு ஒரு திருப்தி உண்டாயிற்று. இதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் உள்ளே ஒரே சிரிப்பு. வகரம் அவர்கள் வாயில் பகரமாவதால், பேலு தாதா, பேலு தாதா என்று அண்ணன் முறை வைத்து அவரைக் கூப்பிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். நான் எழுந்து, நொண்டிப்போய், கதவில் காதை வைத்து நின்றேன். ஒரு சொல்லும் புரியவில்லை. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். மறுநாள் விடியலில் முன்னைவிட உரக்கப் பாடினேன். அந்தப் பாட்டு ஈசனுக்காக எழுந்ததன்று. கதவுக்கு அப்பால் இருந்தவர்களுக்காக எழுந்தது. தீதி வந்து, படிக்கு வெளியே நெற்றி தரையில் பட வணங்கி, அருகே வராமலே திரும்பிவிட்டாள். என் பக்கம் வரவும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

நான்காம் நாளோடு அவல் தீர்ந்தது. தீதி அரைத்தனுப்பும் வேப்பிலையை வேலு என் காலில் வைத்துக் கட்டுவார். புண் ஆறவில்லை. எழுந்தால் தலை சுற்றியது. இப்படியே போனால் காசியை இவ்வுடம்பு காணாது என்று தெரிந்தது. அப்போதும் வாய் திறந்தேனில்லை. ஐந்தாம் நாள் காலை, கண்மூடி அமர்ந்து, என் வாழ்நாளில் செய்த வேண்டுதல்களிலெல்லாம் இழிந்த வேண்டுதலைச் செய்தேன். பெருமானே, அவனுக்குத் திறக்கிற கதவையும் அடைத்துவிடு. எனக்கில்லாதது அவனுக்கு மட்டும் எதற்கு?

நண்பகலில் வேலு கூடையைத் தூக்கிக்கொண்டு தீதியுடன் சந்தைக்குப் போனார். கூடை தூக்கவும் ஆள் கிடைத்துவிட்டார் என்று பல்லைக் கடித்தேன். பூரியோடு அவர் இங்கேயே கிடக்கட்டும். நான் தனியே காசிக்குப் போகிறேன். மூட்டையை எடுத்துக்கொண்டு, தடியை ஊன்றி, சொல்லாமல் புறப்பட்டேன்.

காளிகாட்டை ஒட்டி ஓடும் சிறு கால்வாயை ஆதிகங்கை என்பார்கள். அதன் படித்துறைவரை போனேன். மேலே நடக்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டேன். செம்பு கையிலிருந்து நழுவி, படிபடியாக உருண்டு நீரில் விழுந்தது. எட்டி எடுக்கத் தெம்பில்லை. முடிவு வந்துவிட்டது என்றே நினைத்தேன். இறுதி மூச்சில் ஒரு பதிகம் வரட்டுமே என்று நாவைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஓதியவன் நான். முதலடியும் வரவில்லை, ராகமும் வரவில்லை. வெறும் வாய்.

அப்போது அழுதேன். ராகமில்லாமல், எதுகை மோனையில்லாமல், தாயிடம் சொல்வதுபோல் சொன்னேன். அப்பா, பசிக்கிறது. வேலுவைப் பார்த்தால் எரிகிறது. இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை. எடுத்துவிடு.

சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்தேன். நாலு படிக்குக் கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று இன்றுவரை அறியேன். என்ன குலம் என்று அப்போது எண்ணவும் இல்லை. கையை உதறிக்கொண்டு அருகே வந்து, "பாபா, ஏக்டு ஜொல் காபேன்?" என்றாள்.

மறுபடியும் ஜலம். உயர்த்திக் காட்டச் செம்பு இல்லை. ஆசாரம் பேசத் தெம்பும் இல்லை. உன் கைத் தண்ணீராவது கொடு தாயே என்று தலையசைத்தேன்.

பக்கத்து வீட்டுக்குள் ஓடினாள். திரும்பியபோது ஒரு கையில் தண்ணீர், மறுகையில் தட்டு. தட்டில் வெல்லப்பாகில் பிடித்த தேங்காய் உருண்டை, பொரி, வாழைப்பழம், இரண்டு பூரி. மலைத்துப்போய்த் தண்ணீரை மட்டும் சுட்டினேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, வேகமாகத் தலையை ஆட்டி, தட்டை முன்னே தள்ளினாள். வந்தவருக்கு வெறும் தண்ணீர் கொடுப்பது அந்நாட்டில் பெரும் குறை என்று பின்னால் அறிந்தேன். உண்டேன். உண்ணும்போதே, இவளும் ஜொல் என்றுதானே கேட்டாள் என்ற நினைப்பு என் நெஞ்சில் இடறியது.

"அண்ணாச்சி!" வேலு மூச்சிரைக்க ஓடிவந்தார். மூட்டையைக் காணாமல் சந்து சந்தாகத் தேடியிருக்கிறார். தட்டைப் பார்த்து நின்றார். "விரதம் முடிஞ்சிட்டா?"

"வேலு, அந்தத் தீதி தினமும் வாசல்ல நின்னு என்ன கேக்கா?"

"ஜொல்காபார் வேணுமான்னு."

"ஜொல்னா தண்ணிதானே வே?"

"தண்ணிதான். காபார்னா சாப்பாடு. ரெண்டையும் சேத்துச் சொன்னா பலகாரம்லா!"

"உமக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தலையாட்டுனேன், பூரி வந்துது. மறுநாளும் அதையே கேட்டாவ, மறுபடியும் பூரி வந்துது. இதுக்குப் பெறகும் புரியாதா?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "அய்யோ, அண்ணாச்சி. தண்ணின்னா நெனச்சிய? அஞ்சு நாளாவா?"

கற்ற வடமொழி என் வாயை அடைத்தது. ஒன்றும் கல்லாதவர் உண்டார்.

படியிலேயே அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். விரதம் என்றது பொய். கதவில் காது வைத்தேன். இன்று காலை உம் கதவு அடைபட வேண்டும் என்று ஈசனிடம் வேண்டினேன். சொல்லச் சொல்ல அவர் தலை கவிழ்ந்தது.

"அடைச்சிருந்தா நானும் பசியோட உங்க பக்கத்துல வந்து உக்காந்திருப்பேன். அப்பவாவது எங்கிட்ட நாலு வார்த்த பேசிருப்பியளா?" என்றார். பிறகு, "அந்த வீட்ல என்ன பேசிக்கிடுதாவ தெரியுமா? அன்ன ஆகாரம் தொடாத மகான் வந்து தங்கியிருக்காராம், சைகையிலயே எங்கிட்ட சொன்னாவ. கிட்ட போனா தோஷம்னு தீதி வெளிய நின்னு கும்பிடுதா. பக்கத்து வீட்டுப் பொம்பளையெல்லாம் உங்கள எட்டிப் பாக்கத்தான் வாராவ. நான் ஒரு கோமாளி. எனக்கும் எரிஞ்சுது அண்ணாச்சி. நான் வாய விட்டுச் சொல்லல" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு யாருக்கு முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. பாத்திரம் துலக்கிய அந்தப் பெண்ணும் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தாள்.

அவர் தோளைப் பற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். வேலு சைகையால் கதை முழுவதையும் நடித்துக் காட்டினார். குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தார். தீதி சிரிக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்று மாலை அக்கதவு எனக்கும் திறந்தது. வேலுவுக்குப் பக்கத்தில் இலை போட்டாள்.

அங்கே மேலும் பதினைந்து நாட்கள் இருந்தோம். புண் ஆறியது. மிதவைப் பாலத்தில் கங்கையைக் கடந்து, மார்கழிப் பனியில் நடந்து, தை பிறந்தபின் காசி விசுவநாதர் சந்நிதியில் இருவரும் நின்றோம். அவரவர்க்குக் கொடுத்ததை அவரவரே உண்பது என்ற விதியை அதற்கு முன்பே எடுத்துவிட்டோம். கிடைத்ததைப் பகிர்ந்தோம். புரியாத சொல்லை இன்னொரு முறை கேட்டேன். என் நெஞ்சில் இருந்த எரிச்சல் அந்தப் படித்துறையில் போனதுதான், திரும்பவில்லை. திரும்புவதுபோல் என்றேனும் தோன்றினால், பாட்டை நிறுத்திவிட்டு, உள்ளதை உள்ளபடி ஈசனிடம் சொல்லிவிடுகிறேன்.

அடியார்களே, நீங்கள் எந்த ஊரிலும் அந்நியராக நிற்கலாம். எந்த வாசலிலும் பசித்திருக்கலாம். உங்கள் நெஞ்சம் யாரைப் பார்த்து வேகிறதோ, அவர் பெயரை ஈசனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை. வெட்கப்படவும் வேண்டாம். நான் சொன்னேன், அவன் கேட்டான்.