பத்தாம் நம்பர் மலைக் கங்கை

கண்டிக்கு அருகே பன்வில பக்கத்து மலையில், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற விளிம்பில் ஒரு சதுப்புக் குழி இருக்கிறது. காலை நேரத்தில் அதன் மேல் மூடுபனி குந்தியிருக்கும். பனி தண்ணீராகிறதா, தண்ணீர் பனியாகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அங்கிருந்து கசிந்து இறங்குகிற நீர் பத்தாம் நம்பர் மலைக்கு வரும்போது முழங்கால் ஆழம் ஆகிவிடும். தேயிலை மலைகளுக்கெல்லாம் துரைமார் நம்பர் போட்டிருந்தார்கள். அந்த நம்பரே தண்ணீருக்கும் ஒட்டிக்கொண்டு, பத்தாம் நம்பர் ஆறு என்று பெயராயிற்று. கீழே வயல்களுக்கு நடுவே போகும்போது சிங்களச் சனங்களுக்கு அது வெறும் ‘ஓய’, அதாவது சிற்றாறு. அதற்கும் கீழே கடைத்தெருவில் பள்ளிவாசல் சுவரை உரசிக்கொண்டு போவதால் பள்ளியாறு. ஒரே தண்ணீர், ஊருக்கு ஊர் வேறொரு வீட்டுப் பெண்ணாகப் போய்க்கொண்டிருந்தது.

அழகமுத்துவுக்கு அதன் நடுவில் ஒரு துண்டுதான் தெரியும். பத்தாம் நம்பரில் ஆற்றை மறித்துக் கல்லடுக்கி ஓர் அணை கட்டியிருந்தார்கள். அணையிலிருந்து மலைச்சரிவை ஒட்டி ஒரு வாய்க்கால் போகும். வாய்க்கால் முடிகிற இடத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோர். அதன் இரும்புச் சக்கரத்தைச் சுற்றுவது அந்தத் தண்ணீர்தான். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கம்பித் தட்டி. அதில் வந்து சிக்குகிற இலை, குச்சி, செத்த பறவை எல்லாவற்றையும் அள்ளி வெளியே போடுவது அழகமுத்துவின் வேலை. இலை சேர்ந்தால் சக்கரம் மெதுவாகும். சக்கரம் மெதுவானால் கங்காணியின் சத்தம் உயரும். அழகமுத்துவின் காதுக்கு இரண்டும் பழகியிருந்தன. தூக்கத்தில்கூட அந்தச் சக்கரம் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கலியாணமாகி இரண்டாம் வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றிலோ நாலிலோ, அவருக்கும் பரிமளத்துக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழுவதற்கு முன்னால் போய்விட்டது. ஆற்றோரம் ஒரு முள்முருக்கு மரத்தடியில் அதைப் புதைத்தார்கள். அந்த ஆனி மாதம் மழை விடாமல் பெய்தது. ஒரு விடியலில் போய்ப் பார்த்தபோது மரமும் இல்லை, கரையும் இல்லை. வெட்டிய ரொட்டித் துண்டுபோல மண் சிவப்பாகத் தெரிந்தது. கீழே கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பரிமளம் அழவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், தங்கள் காம்பராவில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தத் தண்ணி எங்கங்க போகுது?”

அவருக்குத் தெரியவில்லை. சக்கரம் வரைக்கும் போகும் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் அவள் அதையே கேட்டாள். சோறு ஆறிக் கிடந்தது.

கித்துள் கருப்பட்டி விற்க வரும் சிங்களக் கிழவர் ஒருவர் வாய்க்கால் ஓரத்தில் இளைப்பாறுவது வழக்கம். கடைக்குப் போதுமான சிங்களமே அழகமுத்துவிடம் இருந்தது. தண்ணீரைக் காட்டி, இது எங்கே போகிறது என்று கையாலும் வாயாலும் கேட்டார். கிழவர் மலைகளுக்கு அப்பால் கையை நீட்டி, “கங்கட்ட” என்றார்.

கங்கைக்கு!

அழகமுத்து தட்டியை அப்படியே விட்டுவிட்டு லயத்துக்கு ஓடினார்.

“ஏ புள்ள, இது கங்கைக்குப் போகுதாம்!”

பரிமளம் நிமிர்ந்து பார்த்தாள். “எந்தக் கங்கைக்கு?”

“எத்தன கங்கை இருக்கு? ஒன்னுதான!”

“அது கடலுக்கு அந்தப் பக்கம்ல இருக்கு. நாம கப்பல்ல வந்தோமே.”

“தண்ணிக்கு டிக்கட்டா வேணும்? பூமிக்கு அடியில போகும். அந்தச் சிங்களத் தாத்தாவே சொல்றாரு. அவுக ஊரு தண்ணி, அவுகளுக்குத் தெரியாதா?”

அவள் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்திருந்தாள். பிறகு, “அதுவும் சரிதான். கங்காணி இருக்குற ஊருல கங்கை இருக்காதாக்கும்” என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அன்று இரவு இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு அது அந்த வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஸ்டோருக்குக் கீழே சக்கரத் தண்ணீர் மறுபடி ஆற்றில் விழுகிற இடத்தில், தைப்பொங்கலுக்குப் பொங்கல் வைத்த கையோடு போய்ப் பரிமளம் ஒரு பூ விடுவாள். சாயங்காலம் லயத்து வாசலில் நின்று, “கங்கைக்குக் குப்ப கூட்டுற மகராசா, கஞ்சி குடிக்க வாங்க!” என்று கூப்பிடுவாள். பக்கத்துக் காம்பரா கறுப்பையா, “உன் வீட்டுக்காரன் கங்கையில முங்கிமுங்கிப் பாவமே இல்லாமப் போயிட்டான் தங்கச்சி, அதான் சம்பளமும் ஏறல” என்பான். பிள்ளைகள் வேறு பிறக்கவில்லை. வருஷங்கள் இலைகளைப் போல வந்து தட்டியில் சேர்ந்தன. அவர் அள்ளி அள்ளி வெளியே போட்டார்.

முப்பத்துநாலில் மழை பொய்த்தது. ஆறு குட்டை குட்டையாக நின்றது. பிறகு மழை வந்தது. கூடவே குளிர்காய்ச்சலும் வந்தது. கண்டி முழுவதும் வீட்டுக்கு வீடு படுக்கை என்று பேசிக்கொண்டார்கள். மார்கழிக் கடைசியில் பரிமளம் படுத்தாள். காய்ச்சல் இறங்கிய ஒரு மத்தியானம் அவரைக் கிட்டே கூப்பிட்டாள்.

“என்னையப் பத்தாம் நம்பர்ல கரைச்சிராதீங்க. ஒங்க தட்டியில வந்து சிக்கிக்குவேன். நீங்களே என்னைய அள்ளி வெளிய போடுவீங்க.”

“என்ன பேச்சு இது.”

“கங்கையில கொண்டுபோயி விடுங்க. நடந்து போறதுதான. விடுவீங்களா?”

“விடுறேன்.”

அந்த வாரமே அவள் கண்ணை மூடினாள். கங்காணி அரை நாள் லீவு கொடுத்தார். அஸ்திக் கலயத்தை அவளுடைய மஞ்சள் சேலைத் துண்டில் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு அழகமுத்து தண்ணீரோடு இறங்கினார். அதுவரை அவர் அந்த ஆற்றை ஸ்டோருக்குக் கீழே பார்த்ததில்லை. அது ஒரு பாறையிலிருந்து வெள்ளை நூலாக விழுந்தது. விழுந்த இடத்தில் தன்னையே ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டு, பிறகு மூங்கிலுக்குள் நுழைந்தது. படி படியாக இறங்கிய வயல்களில் கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானத்தை வைத்துவிட்டு, கீழே வந்து மறுபடி ஒன்றாயிற்று. சத்தம் மட்டும் மாறாமல் கூடவே வந்தது. பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது அவருக்கு. இவ்வளவு அழகான வழியில்தான் போனாயா என்று குழந்தையைக் கேட்டார்.

பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் ஸெய்னுலாப்தீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாங்குப் பலகையைக் காட்டினார். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“குந்துங்க தம்பி. வெறுந்தேத்தண்ணியா?”

“குடுங்க நானா. இங்கயிருந்து கங்கைக்கு இன்னும் எம்புட்டுத் தூரம்?”

“கிட்டத்தான். வெயில் ஏற முந்திப் போயிரலாம்.”

அழகமுத்து வாங்கின் நுனிக்கு நகர்ந்தார். “அங்க கோயில் இருக்குமா? சடங்கு செய்ய ஐயருமாரு இருப்பாங்களா? காசியில இருப்பாங்களாமே.”

ஸெய்னுலாப்தீன் கோப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “காசியா? நீங்க எந்தக் கங்கயக் கேக்குறீங்க?”

“கங்கை, நானா. இந்த ஆறு போற கங்கை.”

“தம்பி, கங்கண்டா சிங்களத்துல ஆறு. பெரிய ஆறெல்லாம் கங்கதான். களனி கங்க, களு கங்க... இது போய் விழுறது மாவலியில. காசியில ஓடுற கங்க வேற. அது இந்தியாவுல ஈக்கி.”

அழகமுத்து கோப்பையைத் தொடவில்லை. மடியில் கலயம் கனத்தது. ஒரு சொல்லைக் காதில் வாங்கி, ஓடிப்போய் அவளுக்குக் கொடுத்து, பத்துப் பன்னிரண்டு வருஷம் அவளை அதிலேயே வாழவைத்துவிட்டோமே என்று நினைத்தார். சாகும்போதும் அதையே கேட்டாளே. கப்பலேறிக் காசிக்குப் போக அவரால் ஆகுமா? திரும்பிப் போய்ப் பத்தாம் நம்பரில் கரைத்தால் தட்டியில் சிக்குவாள். போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் அந்த வாங்கிலேயே இருந்தார்.

மஞ்சள் துணியைப் பார்த்துக் கடைக்காரருக்கு விஷயம் புரிந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“வீட்டுல உள்ளவங்களா?”

“ஆமா.”

“தோட்டத்துல என்ன வேல உங்களுக்கு?”

“வாய்க்கால் பாக்குறேன். ஸ்டோர்ச் சக்கரத்துக்கு முன்னால குப்ப அள்ளுறது.”

ஸெய்னுலாப்தீன் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“அஞ்சாறு வருஷம் ஈக்கும். கண்டிப் பெரஹரத் திருவிழா பாக்கப் போற பொம்புளைகள் கொஞ்சப் பேரு இதே வாங்குல குந்தினாங்க. அதுல ஒருத்தி உங்க மாதிரியே கேட்டா, கங்கை எங்கண்டு. நானும் இதே மாதிரித்தான் செல்லிக்குடுத்தேன். பொறகு கேட்டா, ‘இந்தத் தண்ணி எல்லாம் அங்கதான் போகுதா நானா?’ண்டு. ‘ஓ’ண்டேன். ‘அப்ப எனக்கு அதான் கங்கை. எம்புள்ள அங்கதான் போயிருக்கு’ண்டா.”

அழகமுத்து மடியிலிருந்த கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“போகக்குள்ள திரும்பி வந்து சிரிச்சிக்கிட்டு ஒண்டு செல்லிட்டுப் போனா. ‘எங்க வீட்டுக்காரரு என்னைக்காச்சும் இந்தப் பக்கம் வந்தா சொல்லிராதீங்க நானா. அவரு கங்கைக்குக் குப்ப கூட்டுறதா நெனச்சிக்கிட்டு இருக்காரு’ண்டு.” ஸெய்னுலாப்தீன் தாடியைத் தடவினார். “நான் இப்ப செல்லிப்போட்டேன். அவ மன்னிக்கணும்.”

ஆற்றின் சத்தம் கடைக்குள் வந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணி எங்கங்க போகுது என்று அவள் கேட்டது அழகமுத்துவுக்குக் கேட்டது. அவள் முதலில் கேட்டதும் பிள்ளை போன இடத்தைத்தான், கடைசியில் கேட்டதும் அதைத்தான். காசியை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் ஆறிய தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

மாவலி அகலமாகவும் சத்தமில்லாமலும் கிடந்தது. மலையெல்லாம் பேசிக்கொண்டே வந்த சிற்றாறு அதன் பக்கத்தில் வந்ததும் வாய் மூடிக்கொண்டது. தெளிந்த தண்ணீர் கலங்கல் தண்ணீரின் ஓரமாக ஒரு கோடுபோலக் கொஞ்ச தூரம் தனியாகப் போயிற்று. அப்புறம் எது எது என்று தெரியவில்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த சிங்களப் பெண் ஒருத்தியிடம் கையை நீட்டி, “கங்க?” என்று கேட்டார். அவள் இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்து, “கங்க தமய்” என்றாள். கங்கைதான்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கலயத்தைச் சாய்த்தார். சாம்பல் அந்தத் தெளிந்த கோட்டின் வழியே போயிற்று. தடுக்க அங்கே கம்பித் தட்டி எதுவும் இல்லை.

திரும்பும்போது ஸெய்னுலாப்தீன் கடை வாசலில் நின்றிருந்தார். “பாத்தீங்களா தம்பி?”

“பாத்தேன் நானா. கங்கைதான். நம்ம காசிக் கங்கைகூட இம்புட்டுப் பெருசா இருக்காது.”

கடைக்காரர் சிரித்தார். அவரும் சிரித்தார்.

பொழுது சாயப் பத்தாம் நம்பருக்கு ஏறி வந்தபோது சக்கரம் முக்கி முனகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் இலை முழுவதும் தட்டியில் அடைத்துக் கிடந்தது. “எங்கய்யா போய்த் தொலைஞ்ச? சக்கரம் நிக்கப் போகுது!” என்று கங்காணி ஸ்டோர் வாசலிலிருந்து கத்தினார்.

“கங்கைக்குங்க” என்றார் அழகமுத்து. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டார்.