வலது கையில் நூற்றுப் பன்னிரண்டு, இடது கையில் எண்பத்தொன்பது

போன வருஷம், கார்த்திகை தீபத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடந்தது இது. இடம் எங்கள் ஊர் திருவண்ணாமலைதான். இன்னும் சரியாகச் சொன்னால், கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்தைத் தாண்டி ஏறக்குறைய நானூறு மீட்டரில், ஒரு புளியமரத்தடி. நேரம் காலை ஆறு மணி முப்பத்தெட்டு நிமிடம். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்றைக்கு என் இரண்டு கைகளிலும் கடிகாரம் இருந்தது.

எனக்கு வயது எழுபத்தொன்று. நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம், எங்கே நடந்தாலும் அடிகளை எண்ணுவேன். வேங்கிக்காலில் என் வீட்டு வாசலிலிருந்து பால் பூத்துக்கு இருநூற்றுப் பதினாறு அடி. மாடிப்படி பதினேழு. காலை மாத்திரை நான்கு, இரவு மூன்று. எண்ணாவிட்டால் எனக்குப் பதற்றம் வந்துவிடும். எண்ணினாலும் பதற்றம்தான் என்பாள் என் மனைவி.

முப்பது வருடமாக, ஏறக்குறைய எல்லாப் பௌர்ணமிக்கும் கிரிவலம் போனவன் நான். நோட்டில் குறித்தபடி முந்நூற்று நாற்பத்தொரு சுற்று. அதோடு நின்றுபோனது. இதயத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகு பதினான்கு மாதம், மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டதோடு சரி.

பதினைந்தாம் மாதம் டாக்டர் சொன்னார். "தாராளமா நடங்க. ஆனா நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு நூத்திப்பத்தைத் தாண்டக் கூடாது. தாண்டிச்சுன்னா உட்கார்ந்துடணும்."

எனக்கு வந்த சந்தோஷத்தில் மாடிப்படியைக்கூட எண்ணாமல் ஏறினேன். ஆனால் டாக்டர் பக்கத்தில் என் மனைவியும் உட்கார்ந்திருந்தாளே! வீட்டுக்கு வந்ததும் அவள் தன் சட்டத்தைச் சொன்னாள். நூற்றுப்பத்தை ஒரே ஒரு முறை தாண்டினாலும் அந்த இடத்திலேயே ஆட்டோ. அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் கிரிவலப் பேச்சே எடுக்கக் கூடாது. அவள் சொன்னால் சொன்னதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று ராத்திரி தனியாக உட்கார்ந்திருந்தவள் அவள்.

நடக்கும்போதே நாடித்துடிப்பைக் காட்டுகிற கைக்கடிகாரம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். உடனே நோட்டை எடுத்துப் பத்தொன்பது கேள்விகள் எழுதினேன். பஜாரில் ஒரு கடைக்குப் போய் வரிசையாகக் கேட்டேன். ஒன்பதாவது கேள்வியில் கடைக்காரர், "சார், டீ சொல்லட்டுமா?" என்றார். பதினான்காவது கேள்வியில் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ஆனாலும் விஷயம் பிடிபட்டது. சில கடிகாரங்களில் ஜி.பி.எஸ். தனியாக இருக்காது, பையிலிருக்கும் போனிடம் கேட்டுத்தான் தூரம் சொல்லும். சிலவற்றில் ஜி.பி.எஸ். போட்டால் மலையைச் சுற்றி முடிப்பதற்குள் சார்ஜ் இறங்கிவிடும். கடைசியில் பத்தொன்பதைக் கழித்துக் கழித்து நான்கில் கொண்டுவந்து நிறுத்தினேன். சொந்த ஜி.பி.எஸ். வேண்டும். ஐந்து மணி நேரம் தாங்க வேண்டும். கண்ணாடி போடாமல் எண் தெரிய வேண்டும். நூற்றுப்பத்தைத் தாண்டினால் சத்தம் போட வேண்டும்.

இந்த நான்கையும் சென்னையில் இருக்கும் மகளிடம் நான் போனில் சொன்னேன். பெங்களூரில் இருக்கும் மகனிடம் என் மனைவி சொன்னாள். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. நான்கே நாளில் வீட்டுக்கு இரண்டு பார்சல் வந்தது!

இரண்டிலும் நான்கு அம்சங்களும் இருந்தன. ஏழு நாளுக்குள் வேண்டாததைத் திருப்பி அனுப்பலாம். மகள் வாங்கியது சின்னது, பார்க்கச் சாதாரணம். மகன் வாங்கியது பெரியது, நான்கு பக்கமும் பொத்தான்.

"இதுல என்ன யோசனை? என் புள்ள வாங்கினதே நல்லா இருக்குது" என்றாள் மனைவி.

"அளந்து பார்க்காம சொல்லக் கூடாது" என்றேன். ஒரு எல்லைக் கோட்டை இரண்டு முறை அளந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன், வேலையிலும் அப்படித்தான். இரண்டையும் கட்டிக்கொண்டு ஒரு முறை மலையைச் சுற்றுவது, எது சரியாகக் காட்டுகிறதோ அதை வைத்துக்கொள்வது என்று முடிவானது.

கூட்டம் இல்லாத ஒரு வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்து மணிக்கு ராஜகோபுரத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்துக் கிளம்பினோம். மனைவியும் கூட வந்தாள். "தனியா விட்டா எண்ணிக்கிட்டே போயி லாரில மோதுவீங்க" என்பது அவள் சொன்ன காரணம். இடது கையில் மகளின் கடிகாரம். வலது கையில் மகனுடையது. வலது மணிக்கட்டில் ஏற்கெனவே ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மனைவி கோயிலில் வாங்கி மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியது. நான் மறுபடி மலையைச் சுற்றி முடிக்கும்வரை அவிழ்க்கக் கூடாதாம். அதன் மேலேயே கடிகாரத்தைக் கட்டினேன்.

வெறுங்காலில் அந்தத் தார்ச்சாலையின் ஈரக் குளிர்ச்சி ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்னி லிங்கம்வரை ஒன்றும் குறையில்லை. இடது எண்பத்திரண்டு, வலது எண்பத்தாறு. எம லிங்கத்தைத் தாண்டியதும் விடிய ஆரம்பித்தது. உற்சாகத்தில் நடையைக் கூட்டினேன்.

"நிறைமாசக்காரி மாதிரி மெதுவா நடக்கணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நீங்க என்னாங்க, பஸ்ஸைப் பிடிக்கப் போறவர் மாதிரி?" என்றாள் மனைவி.

நான் கையைப் பார்த்தேன். இடது எண்பத்தேழு. வலது நூற்று நான்கு!

இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தேன். இடது எண்பத்தெட்டு. வலது நூற்று ஏழு. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகு எல்லாமே வருவதுபோல் இருந்தது. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன், இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கையில் சுற்றிக்கொண்டேன். இடது கையை மட்டும் மனைவி கண்ணில் படும்படி வீசி வீசி நடந்தேன்.

நிருதி லிங்கத்தில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, கொஞ்ச தூரம் போயிருப்போம். துண்டுக்குள்ளிருந்து 'கீங் கீங்' என்று சத்தம்.

"என்னா சத்தம் அது?"

"எங்கயோ போன்."

"உங்க துண்டு அடிக்குதுங்க."

துண்டை உருவினாள். நூற்றுப் பன்னிரண்டு. சிவப்பு எழுத்தில் மின்னியது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தபோதுதான் நான் செய்த தப்பு எனக்கு உறைத்தது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"எம லிங்கத்துலேர்ந்து ஏறிக்கிட்டே வருது. ஆனா இதைப் பாரு, இடது கையில எண்பத்தொன்பதுதான். பொண்ணு வாங்கினது சரியா காட்டுது."

"உங்களுக்குப் பொண்ணு வாங்கினது சரி. எனக்கு என் புள்ள வாங்கினது சரி. ஜாஸ்தியா காட்டுறதைத்தான் நம்பணும். உட்காருங்க."

அவள் பேசியது நியாயம்தான். உயிர் விஷயத்தில் குறைவாகக் காட்டுவதை நம்பி நடக்க முடியுமா? உட்கார்ந்தேன். அவள் அதற்குள் எதிரே வந்த ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திவிட்டாள். ஆறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. இனி இந்தப் பாதையில் கால் வைக்கவே போவதில்லை என்று நினைத்துக்கொண்டே மலையைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் பின்னால் வந்துகொண்டிருந்த ஒருவர் நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். சட்டையில்லாமல் வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கூட அவர் சம்சாரம்.

"என்னாங்க ஐயா, மயக்கமா?"

என் மனைவி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ரெண்டு சொல்லுது. மூணாவதா நாம ஒண்ணு எண்ணிப் பார்த்துடலாமே. நாடி பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை! எழுபத்தொரு வயதில் தெருவிளக்கு முதல் தேங்காய்வரை எண்ணியவன், என் நாடியை விரல் வைத்து ஒரு நாளும் எண்ணியதில்லை.

"நீங்க டாக்டருங்களா?" என்றாள் மனைவி, நம்பிக்கையோடு.

"கீழ்பென்னாத்தூர் பக்கம் கால்நடை ஆய்வாளரா இருந்து ரிடையர் ஆனவன்மா. மாட்டுக்கு வால் அடியில நாடி பார்ப்போம். ஐயாவுக்கு அந்த வசதி இல்ல, கையைக் குடுங்க."

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். ஆய்வாளரின் சம்சாரம், "இவருக்கு மாடும் ஒண்ணு, மனுஷனும் ஒண்ணு. கோச்சுக்காதீங்க" என்றார். பயத்துக்கு நடுவில் எனக்கும் சிரிப்பு வந்தது.

அவர் என் இடது கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து முப்பது வினாடி எண்ணினார். நான் ஒரு நிமிடம் முழுதாக எண்ணச் சொன்னேன். எண்பது. உட்கார்ந்திருந்ததால் குறைந்திருக்கும் என்று நானே குறுக்குக் கேள்வி போட்டேன். "கரெக்ட். அப்போ முன்ன நடந்த மாதிரியே ஒரு மூணு நிமிஷம் நடங்க. நெஞ்சு வலி, மூச்சு முட்டல் ஏதாவது இருந்தா கையைத் தூக்குங்க. நின்ன உடனே எண்ணுவேன்" என்றார்.

நடந்தேன். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மனைவி. பின்னாலேயே ஆட்டோ உருண்டுகொண்டு வந்தது. "ஏறுவீங்களா, மாட்டீங்களா பெரியவரே?" என்று ஆட்டோக்காரர் வேறு நடுநடுவே கேட்டார்.

பழக்க தோஷம், அடிகளை எண்ணினேன். கடிகாரத்தில் ஒரு நிமிடம் முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டு அடி. வலது கையைப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுபடி எண்ணினேன், கொஞ்சம் நடையைக் குறைத்து. நூற்றிரண்டு அடி. வலது கையில் நூற்று மூன்று!

"நிறுத்துங்க! எண்ணுங்க!" என்று கத்தினேன். அவர் எண்ணினார். பதினைந்து வினாடியில் இருபத்திரண்டு. நான்கால் பெருக்கினால் எண்பத்தெட்டு. இடது கையில் எண்பத்தெட்டேதான்.

"இது நாடியை எண்ணலீங்க! என் காலை எண்ணுது!"

அவர் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். கயிற்றின் மேல் கடிகாரம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் எரிகிற பச்சை விளக்கு வெளியே எட்டிப் பார்த்தது. தோலில் ஒட்ட வேண்டியது ஒட்டவே இல்லை.

"மாட்டுக் கழுத்துல மணி தொங்குதுன்னு வைங்க. மாடு நடக்குற நடைக்குத்தான் அது அடிக்கும். மாட்டு நெஞ்சுக்குள்ள என்னா நடக்குதுன்னு மணிக்குத் தெரியுமா? இது தோலைத் தொடாம மணி மாதிரி ஆடிக்கிட்டு இருக்குது" என்றார்.

மனைவி உடனே, "கயித்தை அவுக்கக் கூடாது" என்றாள். அவிழ்க்க வேண்டிய அவசியமே இல்லையே! மகனின் கடிகாரத்தை இடது முழங்கைப் பக்கமாக, மகளுடையதற்கு மேலே இறுக்கிக் கட்டினேன். மறுபடி இரண்டு நிமிடம் நடந்தோம். ஒன்று எண்பத்தொன்பது, இன்னொன்று தொண்ணூறு.

மனைவி இரண்டு எண்ணையும் குனிந்து பார்த்தாள். பிறகு ஆட்டோக்காரரிடம், "நீங்க போங்க தம்பி, நாங்க நடந்தே போறோம்" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட வேண்டும்போல் இருந்தது, மலையையா அவளையா என்று தெரியவில்லை.

போவதற்கு முன்னால் அந்த மனிதர் என் மனைவியின் விரல்களைச் சரியான இடத்தில் வைத்துக் காட்டினார். "ரொம்ப அழுத்தாதீங்கம்மா. இந்தா, தட்டுது பாருங்க" என்றார். அவள் எண்ணத் தெரியாதவள்போல முதலில் விழித்தாள். பிறகு உதடு அசைய எண்ணினாள். அவர்கள் எங்களைவிட வேகமாக நடந்து ஆதி அண்ணாமலைத் திருப்பத்தில் மறைந்துபோனார்கள்.

ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு மறுபடி ராஜகோபுரத்துக்கு வந்து சேர்ந்தோம். முந்நூற்று நாற்பத்திரண்டாவது சுற்று! மொத்தம் இருபத்தோராயிரத்து எண்ணூற்று அறுபது அடி. ஒரு கடிகாரம் பதினான்கு கிலோமீட்டர் என்றது, இன்னொன்று பதினான்கும் நூறு மீட்டரும் என்றது. நாடித்துடிப்பு ஒரு முறைகூட தொண்ணூற்றாறைத் தாண்டவில்லை. மறுநாள் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். கடிகாரம் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்ட வேண்டும், சந்தேகம் வந்தால் நின்று விரல் வைத்து எண்ணிவிட வேண்டும் என்றார். எண்ணுக்காகக் காத்திராமல், நெஞ்சில் எது தோன்றினாலும் அதை மனைவியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஒன்றை அவர் சேர்த்துச் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதைத் திருப்பி அனுப்புவது? இரண்டும் நல்ல கடிகாரம்தான். தூரத்தில் கோயில் கணக்கான பதினான்கு கிலோமீட்டருக்குச் சரியாக நின்ற மகளின் கடிகாரத்தை நான் எடுத்துக்கொண்டேன். மகனுடையதைத் திருப்பப் பெட்டியில் வைத்தபோது மனைவி அதை எடுத்துத் தன் கையில் கட்டிப் பார்த்தாள். இன்னும் அவிழ்க்கவில்லை.

அந்த மனிதரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. போன் நம்பரும் வாங்கவில்லை. அத்தனை எண்களைக் குறித்த என் நோட்டில் அந்த ஒன்று மட்டும் இல்லை. இப்போது தினமும் காலையில், நடக்கக் கிளம்புமுன், என் மனைவி என் வலது மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுகிறாள். சில நாள் தப்பாக எண்ணுகிறாள், நான் திருத்துவதில்லை. பயத்தில் நான் துண்டைப் போட்டு மறைத்த கை அது. அதை ஒருத்தி பிடித்து எண்ணிச் சொல்லும்போது, எண் எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியம் எனக்கு வருகிறது.