தலைக்கட்டு இல்லாத ரத்தம்

போன வருஷம் ஆவணி மாதம், புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மீனவக் குப்பத்தின் சமுதாயக் கூடத்தில் நடந்தது இது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்னி நோய் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்த டாக்டரம்மா ஒருவர், ரத்தம் எடுக்க இரண்டு நர்ஸ், ஊர்ப் பஞ்சாயத்தார் நாலு பேர், வெறும் வயிற்றோடு வரிசையில் நின்ற ஊர் ஆம்பிளைகள். அந்த வரிசையில் என் வீட்டுக்காரர். வாசலில், செருப்பு விடுகிற இடத்தில், நானும் என் நாத்தனாரும்.

எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

எங்கள் ஊரில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அவர் ஊருக்கு வரி கட்டுவார், கோயில் பங்கு, நிவாரணம் எல்லாம் அவர் பெயரில்தான் வரும். ஆராய்ச்சிக்காரர்கள் பஞ்சாயத்திடம் ஊர் ஜனங்களின் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். பஞ்சாயத்து இந்தத் தலைக்கட்டுப் பட்டியலைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகக்கூடாது, போனால் அபராதம் என்று தண்டோரா வேறு. முதல் நாள் சாயங்காலமே தலைக்கட்டுக்கு ஒரு டோக்கன் என்று வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு. ஒன்று வீட்டுக்காரருக்கு. இன்னொன்று பெண்டாட்டியோடு மங்களூர் பக்கம் போய்ப் போட்டில் வேலை பார்க்கும் என் கொழுந்தனுக்கு. ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் வரி கட்டுகிறான், அதனால் பெயர் இருக்கிறது.

என் நாத்தனாருக்கு டோக்கன் இல்லை. கட்டினவன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து எங்களோடு இருக்கிறாள். காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்து, தெருத்தெருவாகப் போய் விற்பவள். ஆறு மாதமாகக் கால் வீங்கியிருந்தது. காலையில் முகம்கூட உப்பியிருக்கும். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நடப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் நச்சரிப்பேன். "உனுக்கு எல்லாத்துக்கும் பயம் அண்ணி. நடக்கற காலு, வீங்காம இன்னா பண்ணும்?" என்பாள். எனக்குப் பயம் என்பது உண்மைதான். கடல் கொஞ்சம் இரைச்சலாக இருந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

வீட்டு வாசலுக்கே டாக்டர் வந்திருக்கிறார், விடுவேனா? அவளை இழுத்துக்கொண்டு போனேன். பஞ்சாயத்தார் ஒருவர் வாசலிலேயே மடக்கினார்.

"இன்னாம்மா, வியாபாரத்துக்குப் போவல? இங்க இன்னா இறாலா ஏலம் வுடறாங்க?"

"இதுக்கும் கொஞ்சம் பாக்கச் சொல்லுண்ணா. காலு வீங்கிகினே கீது" என்றேன் நான்.

"தலைக்கட்டுக்குத்தாம்மா. உன் நாத்தனாரு இன்னா வரியா கட்டுது?"

வரிசையில் நின்ற ஒருத்தன், "மீசை வெச்சிகினு வரச் சொல்லு அண்ணாத்த!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை.

டாக்டரம்மாவிடமே கேட்டேன். தன்மையாகத்தான் பேசினார். "எங்களுக்கு ஒரு லிஸ்ட் குடுத்திருக்காங்கம்மா. அதுல இருக்கறவங்களை மட்டும்தான் எடுக்கணும். நடுவுல ஆளைச் சேர்த்தா ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும்" என்றார். கால் வீங்கினவளைப் பார்த்தால் எந்த ஆராய்ச்சி கெட்டுப்போகும் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். சாமி மாடத்தில் கொழுந்தனின் டோக்கன் கிடந்தது. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மத்தியானம் பஞ்சாயத்தார் சாப்பிடப் போன நேரம் பார்த்து இவளை மறுபடி கூட்டிப் போனேன். டாக்டரம்மா ஒரு ஓரமாக கம்ப்யூட்டரில் ஏதோ ஏற்றிக்கொண்டிருந்தார். நர்ஸுக்குக் கடையைக் கட்டுகிற அவசரம். "எங்க வூட்டு டோக்கன்" என்று நீட்டினேன். நம்பரைப் பார்த்தார், குப்பியில் ஒட்டினார், குத்தினார், அவ்வளவுதான். நர்ஸுக்கு நம்பர் இருந்தால் போதும்.

போகும்போது டாக்டரம்மா மைக்கில் சொன்னார்: "யாருக்காவது பிரச்சினை இருந்தா நாங்களே போன் பண்ணுவோம். போன் வரலேன்னா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்."

பட்டியலில் இருந்தது கொழுந்தனின் போன் நம்பர். வந்தால் நமக்குச் சொல்லாமலா இருப்பான் என்று நினைத்தேன். முன்கூட்டியே அவனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் யாரிடமாவது உளறுவான், பஞ்சாயத்து அபராதம் போடும் என்ற பயம். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. போன் வரவில்லை. என் வாழ்நாளிலேயே நான் கவலைப்படாமல் இருந்த மாதங்கள் என்றால் அவைதான். நாத்தனாரை நச்சரிப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

மாசி மகத்துக்குக் கொழுந்தன் ஊருக்கு வந்தான். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரிய ஜோக் சொல்கிறவன் மாதிரி ஆரம்பித்தான்.

"அண்ணி, ஒரு கூத்து கேளு. அங்க இருக்கசொல்ல எனுக்கு ஒரு போனு. உன் ரத்தத்துல உப்பு ஏறிகீது, கிட்னி பாதி போச்சு, உடனே பாருன்றானுங்க! போட்ல சேரசொல்ல இன்சூரன்ஸுக்கு ரத்தம் எடுத்தானுங்களே, அதுவோன்னு பயந்துகினு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பாத்தா ஒண்ணுமே இல்ல. குதிரை மாதிரி கீறேன்! அந்த ரிப்போர்ட்டை அவனுங்களுக்கே வாட்ஸ்அப்ல போட்டு நல்லா கேட்டுவுட்டேன். சாரி சார், லேப்ல தப்பாயிடுச்சுன்னானுங்க."

தட்டைத் தள்ளி வைத்தேன். எதிரில் நாத்தனார் அவன் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெருவிரலால் அமுக்கினால் குழி விழும் கால்.

"ஏம்ப்பா வூட்டுக்குச் சொல்லல?" என்றேன்.

"உங்கிட்ட சொன்னா ஒரு மாசம் தூங்க மாட்டியே அண்ணி. அதான்."

மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்லி ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், வலி மாத்திரை எத்தனை வருஷமாகப் போடுகிறாய் என்று கேட்டார். டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம், மருந்தில் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம் என்றார். "போனது திரும்ப வராதும்மா. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நிறைய மிச்சம் இருந்திருக்கும்" என்றும் சொன்னார். ஆறு மாதம் முன்னால் அவள் ரத்தம் அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கையில்தான் இருந்தது.

பங்குனியில் அந்த டாக்டரம்மா ஆராய்ச்சி முடிவைச் சொல்ல ஊருக்கு வந்தார். அதே கூடம், சுவரில் படம் காட்டி விளக்கினார். நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் இந்த முறை உள்ளேயே உட்கார்ந்தேன். "உங்க ஊர்ல யாருக்கும் பெரிய பாதிப்பு இல்ல. ஒருத்தருக்கு மட்டும் ரொம்ப அதிகமா காட்டுச்சு. திரும்பப் பார்த்ததுல அது தப்புன்னு தெரிஞ்சுது. கணக்குலேர்ந்து எடுத்துட்டோம்" என்றார். பஞ்சாயத்தார் கை தட்டினார்கள்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"நீங்க கணக்குலேர்ந்து எடுத்தீங்களே ஒரு தப்பு, அது இதோ என் பக்கத்துல குந்திகினு கீது. நல்லா பாத்துக்கோங்க."

நடந்ததை எல்லாம் சொன்னேன். டோக்கனை எடுத்ததையும் சொன்னேன். முதலில் மடக்கிய அதே பஞ்சாயத்தார் எகிறினார். "ஆள் மாறாட்டம் பண்ணிட்டு சபைல நின்னு பேசறியா? அபராதம் போட்டாத்தான் அடங்குவ!"

"போடுண்ணா. எந்தத் தலைக்கட்டு பேர்ல போடுவ? நாங்கதான் உன் லிஸ்டுலயே இல்லியே!"

பின்னால் பெண்கள் நின்றிருந்த பக்கத்திலிருந்து முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்தவர்களில் நாலைந்து பேருடைய கால்களும் வீங்கித்தான் இருந்தன. அதையும் டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னேன்.

அவர் கீழே இறங்கி வந்து நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. "லிஸ்ட் நாங்க போட்டது இல்லம்மா, ஊர்ல குடுத்தது" என்றார். ஊர்க்காரர்களோ, "அவங்க கேட்டாங்க, இருந்ததைக் குடுத்தோம்" என்றார்கள். கொழுந்தனைக் கேட்டால், "உன் நல்லதுக்குத்தான் சொல்லல" என்கிறான். என் வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னமும் வாயைத் திறப்பதில்லை. ஒருத்தர் பேரிலும் தப்பில்லை. கிட்னி மட்டும் போய்விட்டது. நான் செய்தது திருட்டு வேலை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நேர் வாசலைச் சாத்திவிட்டுப் பின்வாசலில் வந்தவளைத் திருடி என்றால் எனக்குக் கோபம்தான் வரும்.

அடுத்த முறை பெண்களையும் சேர்த்து எடுப்பதாக டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வந்தால் பார்ப்போம். அன்றைக்கு இன்னொரு விஷயமும் தெரிந்தது. ரத்தம் கொடுத்தவர்களுக்குத் தொழில் போனதற்காக ஆளுக்கு முந்நூறு ரூபாய் போனிலேயே அனுப்பியிருக்கிறார்கள். கொழுந்தன் நம்பருக்கும் போயிருக்கிறது. ஏதோ அரசாங்கப் பணம் என்று செலவு செய்துவிட்டானாம். கேட்டால், "வூட்டுக்குள்ள இன்னா அண்ணி கணக்கு?" என்று சிரிக்கிறான்.

நான் சிரிப்பதில்லை. மாதா மாதம் செங்கல்பட்டு பஸ்ஸில் அவளைக் கூட்டிப் போகும்போதெல்லாம், அது அவள் உடம்பில் ஓடிய ரத்தம்தான் என்று இந்த ஊரில் ஒரு ஆளாவது கணக்குத் தீர்த்து ஒப்புக்கொள்கிற வரை விடக்கூடாது என்று நினைத்துக்கொள்கிறேன். என் நாத்தனாருக்கு இன்னும் வர வேண்டிய பாக்கி முந்நூறு ரூபாய்.