சாவடிக்கு அடித்த நாலு கோட்டு வெள்ளை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்ததும் செங்கல்பட்டு பஜாரில் மனு எழுத வேண்டியவர்கள் எல்லாம் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடாதவர்களுக்கும் நானே போய் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வருஷம் சாவடியை இடிக்கப் போவதாக முனிசிபாலிட்டிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். பஜார் தெருவின் நடுவில் ஏழு வளைவுகளோடு நீளமாக நிற்கும் பழைய கட்டடம் அது. கிளிஞ்சல் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டியது. பாழடைந்துவிட்டது, ஆள்மேல் விழுந்துவிடும் என்று நோட்டீஸ் சொன்னது. மூன்றாவது வளைவுக்குக் கீழே என் அம்மா கருவாடு விற்றாள். வாரம் இரண்டு முறை மகாபலிபுரத்துக் கரைக்குப் போய்க் குப்பத்தில் சரக்கு எடுத்து, கூடையை பஸ்ஸின் தலையில் ஏற்றிக் கொண்டு வருவாள். பண்ணை வேலையை உதறிவிட்டு டவுனுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கென்று இருந்த இடம் அந்த வளைவு ஒன்றுதான். கருவாட்டுக்கு வெயில் ஆகும், அம்மாவுக்கு ஆகாது. மழை இரண்டு பேருக்குமே ஆகாது. சாவடி போனால் திரும்பவும் பண்ணைக்கு நாற்று நடப் போக வேண்டியதுதான் என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

எதிர்ப்பக்கம் இரும்புக்கடை வைத்திருந்த பாய்தான் கடைக்காரர்களைக் கூட்டினார்.

"இருவது வருசமா இந்த அம்மா கருவாட்டு வாசனையைத்தான் நாஸ்தாவோட சேர்த்துத் தின்னுகினு இருக்கேன். சாவடி போனா மொத சந்தோசம் எனக்குத்தான்" என்றார். "ஆனா அது இல்லாத தெருவுல கடையைத் தொறந்து இன்னாத்தைப் பாக்கறது? எழுதும்மா மனு."

பாய் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு நாள் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த சொற்களில் ஒன்றைக்கூட வீணாக்கவில்லை. பிறகு சாவடிப் படியில் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

"பன்னெடுங்காலமாய் இத்திருவீதியில் வெயிலும் மழையும் ஏற்று வீற்றிருக்கும் இச்சாவடியின் தொன்மைக்கு, அதன் முகப்பில் பொறிக்கப்பெற்ற கல்லெழுத்தே சான்று பகருமாதலின், தாங்கள் கருணைகூர்ந்து நேரில் போந்து அதனைக் கண்ணுறுமாறு..."

கொத்து வேலை மேஸ்திரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப உருக்கமா கீது" என்றார். அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "யாருடி செத்துப் போனது?"

நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். படித்தவர்கள் பார்க்கும் பார்வை. எல்லோரும் வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

மனுவுக்கு நல்ல பதில் வந்தது. திங்கட்கிழமை என்ஜினீயர் நேரில் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பதிலை நான் நாலு பேரிடம் அல்ல, தெருவில் இருந்த அத்தனை பேரிடமும் காட்டினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் முதல் வேலை வெள்ளையடிப்பது. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தாலும் அதுதான், ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டர் வந்தாலும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் சரக்கெடுக்கக் கரைக்குப் போய்த் திரும்பியபோது, சாவடி புது வேட்டி கட்டிய மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. மேஸ்திரியும் கடைக்காரர்களும் காலையிலிருந்து நாலு கோட்டு அடித்திருந்தார்கள். சுண்ணாம்பில் நீலம் வேறு கலந்திருந்தார்கள். கண் கூசியது.

"எப்டி கீது?" என்று கேட்டார் மேஸ்திரி.

"பிரமாதம்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மனுவை எழுதியவளே நான்தான். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஜீப்பில் வந்து இறங்கிய என்ஜினீயர் கையில் என் மனு இருந்தது. கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார். மனுவைப் பார்த்தார். மறுபடியும் கட்டடத்தைப் பார்த்தார்.

"முகப்பில் கல்லெழுத்து இருக்கிறது, அதுதான் சாட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே அது?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். நடு வளைவுக்கு மேலே பால் மாதிரி ஒரே வெள்ளை.

மேஸ்திரிக்கு மட்டும் இன்னும் பெருமை குறையவில்லை. "கல்லு மேடும் பள்ளமுமா இருந்தது சார். சந்துல எல்லாம் சுண்ணாம்பு அப்பிச் சமம் பண்ணிட்டோம்."

என்ஜினீயர் முகம் மாறியது. "அப்படியென்றால் சுவரில் இருந்த விரிசல்களையும் சமம் பண்ணிவிட்டீர்கள். இல்லையா?"

அம்மா கூடைக்குப் பக்கத்தில் எழுந்து நின்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "டிராவலர்ஸ் பங்களாவில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வருவேன். அதற்குள் சுவரைச் சுவராகக் காட்டுங்கள். வெள்ளையை நம்பி நான் எழுதிக் கொடுக்க முடியாது."

ஜீப் போனதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அந்தக் கல்லைப் பத்தி மனுவுல போட்டிருந்தியாம்மா?" என்று கேட்டார் பாய்.

"படிச்சுக் காட்டினேனே."

"படிச்சே. நல்லாத்தான் படிச்சே. கோயில்ல மந்திரம் சொல்றாப்பல இருந்தது. அதுல கல்லு வரும்னு யாருக்குத் தெரியும்? கல்லுல கை வெக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அவளை அப்பறம் பேசிக்கலாம். தேய்க்கத் தேங்கா மட்டை எடுத்துனு வாங்க" என்றாள்.

பாய் கடையிலிருந்து ஏணி வந்தது. உளி எடுக்க வேண்டாம், எழுத்து போய்விடும் என்று இந்தத் தடவை நான் எல்லோருக்கும் புரியும் பாஷையில் கத்தினேன். நேற்று அடித்த சுண்ணாம்புதான் என்பதால் தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்க வந்தது. கீழே நின்றவர்கள் தலையெல்லாம் நரைத்துப் போனது. பாய் தோள் துண்டை மடித்து வைத்துவிட்டு வாளியில் தண்ணீர் சேந்தி ஊற்றினார். மேஸ்திரிதான் பாவம். தன் நாலு கோட்டையும் தானே தேய்த்துக்கொண்டு, "மொத கோட்டு நல்லா புடிச்சிருக்கு பாரு, எப்டி வர மாட்டேங்குது" என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டார்.

எழுத்துச் சந்துகளில் போயிருந்த சுண்ணாம்பு மட்டும் வரவில்லை. அம்மா ஏணியில் ஏறினாள். மீன் செதில் சுரண்டும் தகட்டின் முனையால் ஒவ்வொரு எழுத்தாகக் குடைந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. கோடு எங்கே போகிறதோ அங்கே கையும் போனது. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்.

மூன்று மணிக்கு என்ஜினீயர் வந்தபோது சாவடி சொறி பிடித்த யானை மாதிரி இருந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கல்லைக் காட்டினார். "மனு எழுதியது யார்? படியுங்கள்."

நான் முன்னால் போனேன். பழைய எழுத்து. புள்ளி இல்லை, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தேன். பஜார் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துத் திணறினார். கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சொல்லாகப் பிடித்துப் படித்து முடித்தோம். தலைச்சுமையோடு சந்தைக்கு வருகிறவர்கள் நிழலில் இருந்து விற்கும்படி இந்தத் தெருவார் கட்டி வைத்தது என்று இருந்தது.

அவர் ஒவ்வொரு வளைவையும் கைத்தடியால் தட்டிக் கேட்டார். மூன்றாவதுக்குக் கீழே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். கருவாட்டு வாசனையில் முகம் சுளித்தாலும் நகரவில்லை. பின்சுவரில் மட்டும் ஒரு நிஜமான விரிசல் இருந்தது.

"வளைவுகள் நன்றாக இருக்கின்றன. பின்சுவரைத் தெருக்காரர்களே கட்டித் தருவதாக எழுதிக் கொடுத்தால் இடிக்க வேண்டாம் என்று நான் எழுதுகிறேன்" என்றார்.

அங்கேயே எழுதினேன். நாலே வரி. ஒவ்வொரு வரியையும் படித்து, புரிகிறதா என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்கினேன். "இதுல அழுவ ஒண்ணுமே இல்லியே" என்று மேஸ்திரிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஆளுக்கொரு நாள் வேலை என்று மாதக் கடைசிக்குள் பின்சுவர் எழுந்துவிட்டது. சாவடி இனி எங்கேயும் போகாது என்று தெரிந்ததும் சுற்று ஊர்களிலிருந்து புதிதாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் காலையில் அம்மாவும் நானும் போனபோது, மூன்றாவது வளைவுக்குக் கீழே ஒரு வளையல்காரி துணி விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"ந்தா, இது என் எடம்" என்றாள் அம்மா.

"ஒன் பேரு எழுதிக்கீதா?"

அம்மா பதில் தேடி என்னைப் பார்த்தாள். நான் நடு வளைவுக்கு மேலே இருந்த கல்லைப் பார்த்தேன். அவளும் அண்ணாந்து பார்த்துவிட்டு, கூடையை இறக்கி ஒரு முழம் தள்ளி வைத்தாள்.

"குந்து. ஆனா மத்தியானத்துக்கு மேல காத்து இந்தப் பக்கம் திரும்பும். அப்பறம் வளையல்ல நெத்திலி வாசனை வருதுன்னு எவளாவது சண்டைக்கு வந்தா என்னைக் கேக்காத."